பொய் கேட்டால் மூடிக்கொள்ளும் புத்தகம்

உன் பெயர் இப்போது என் தலைக்கு மேலே சுற்றுகிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பிரசங்கம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. பெண்கள் பக்கம், நாம் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே புதிதாக ஒன்று மாட்டியிருந்தார்கள். அதுவரை வெறும் சிவப்பு வளையமாகத் தெரிந்தது மெல்ல மெல்ல எழுத்துகளாகப் பிரிந்தது. ஓர் இறக்கையில் உன் பெயர். அடுத்ததில் உன் வீட்டுப் பெயர். கடைசி இறக்கையில் ‘நினைவாக’. அன்று பெயின்ட் வாசம்கூடப் போயிருக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சபையில் வாய் திறந்து சிரித்து யாரும் பார்த்ததில்லை. போதகர் ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்தார். முன்பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

உன் கொழுந்தன் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்தாராம். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நம் சபையில் அதுதானே வழக்கம். சுவர்க்கடிகாரம், மைக், குடிநீர் வடிகட்டி, குடை வைக்கும் தொட்டி, எதைத் தொட்டாலும் யாரோ ஒருவருடைய நினைவாக இருக்கும். இறந்தவர்கள் யாரும் இங்கே சும்மா இருப்பதில்லை. அவரவர்க்கு ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள்.

நீ அதை முன்பே பார்த்துவைத்திருந்தாய். படுக்கையில் விழுவதற்கு வெகுநாள் முன்னால், இதே பெஞ்சில், ஞானஸ்நானப் பாட்டு நடக்கும்போது என் காதில் சொன்னாய்: “எனக்க பேர மட்டும் ஃபேன்ல எழுத விட்டுராத மக்கா. சர்வீஸ் முழுக்க நின்னே சுத்தியாச்சு. செத்த பெறவும் சுத்த எனக்கு வய்யாது.”

நான் அன்று சிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புதான் விசிறியைப் பார்த்த ஞாயிறு வந்தது.

இதை எழுதும்போது உன் புத்தகம் மேசையில், என் இடது கைக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. நீ வைத்த அடையாளம் அப்படியே இருக்கிறது. டிக்கெட் இயந்திரத்திலிருந்து கிழித்த ஒரு சீட்டு. அச்சு மங்கி இப்போது வெள்ளைத் தாளாகிவிட்டது. எங்கிருந்து எங்கே போக யாருக்குக் கொடுக்க இருந்ததென்று இனித் தெரியாது.

திருவனந்தபுரத்தில் நாம் இருவரும் ஒரே வகுப்பில் வரலாறு எம்.ஏ. படித்தோம். நான் கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன். நீ தேர்வாணையத் தேர்வு எழுதி அரசுப் பேருந்தில் நடத்துனர் ஆனாய். “எம்.ஏ. படிச்சிட்டா டிக்கெட் கிழிக்க?” என்று கேட்டவர்கள் நிறைய. நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் ஒரு பெரியவர் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். “ஆமா மாமா, படிச்சதுனால தான் ஒம்மள இன்னும் எறக்கி விடாம வச்சிருக்கேன். உள்ள ஏறும்,” என்றாய். வண்டி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

உன் வண்டியில் ஏறினால் பயணச்சீட்டோடு ஒரு பரிந்துரையும் கிடைக்கும். திருப்புறம் வழியாகப் பூவாறு போகும் மாலை வண்டியில், சலுகை அட்டையை நீட்டும் பிள்ளைகளிடம் கேட்பாய்: “எலே, இந்த வாரம் என்ன வாசிச்ச?” பையன் விழிப்பான். “ஒண்ணுமில்லியா? அப்பம் நின்னுட்டே வா. இரிக்க எடம் வாசிச்ச ஆளுக்கு ஆக்கும்.” மலையாளத்தில் வாசித்தாலும் தமிழில் வாசித்தாலும் உனக்குப் பேதம் கிடையாது. ஒரு பெண் ஏதோ காமிக்ஸைக் காட்டியதற்கு உன்னுடைய இருக்கையையே கொடுத்தாய்.

எனக்கு நீ பரிந்துரைத்தவற்றில் பாதியை நான் வாசித்ததில்லை. வாசித்த பாதியில் பெரும்பகுதி பிடித்ததில்லை. அதையும் உன்னிடம் மறைத்ததில்லை.

மேசையில் கிடக்கும் இந்த ‘உப்பறை’யை நீ நாகர்கோவில் புத்தகக் கண்காட்சியிலிருந்து வாங்கி வந்தாய். அட்டையில் கடலும் ஒரு படகும், படகில் நிறைய புத்தகங்களும், துடுப்பு போடும் ஒரு பெண்ணும். பின்னட்டையில் ‘இளையோருக்கான மாயப் புனைவு’ என்று இருந்தது.

“இது பதினாறு வயசுக்காரங்களுக்கு,” என்றேன்.

“எனக்கும் ஒரு காலத்துல பதினாறு உண்டும் மக்கா.”

“மாயப் புத்தகம், ராஜா, சிறை. எல்லாம் ஏற்கெனவே கேட்டது.”

“ஒத்த புக்கு ஆக்கும்,” என்றாய். “இதுலயே தீந்துரும். ரெண்டாம் பாகம் கெடையாது, மூணாம் பாகம் கெடையாதுன்னு எழுதினவ மொதல்லயே சொல்லிருக்கா. அந்த ஒண்ணுக்காகவே அந்தப் பிள்ளைக்கி ஒரு கும்பிடு போடணும்.”

அதை ஏன் அவ்வளவு பெரிய விஷயமாகச் சொல்கிறாய் என்று கேட்டேன். நீ புத்தகத்தைப் பையில் வைத்தபடி, பேருந்து நேரம் சொல்லும் குரலில் சொன்னாய்: “டெஸ்ட் ரிசல்ட் வந்தாச்சு. தொடர் கதையெல்லாம் இனி நமக்கு ஒத்துவராது.”

உன் நோய் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

அன்றிரவே வாசிக்கத் தொடங்கவில்லை. எரிச்சலில் சில நாள் விட்டுவிட்டேன். பிறகு உன்னிடம் இருந்து வாங்கி வாசித்தேன். இதை யாராவது வாசிக்கலாமா என்று என்னைக் கேட்டால் வாசிக்கலாம் என்றுதான் சொல்வேன். ஏனென்றும் இங்கே எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் அதைச் சொல்லும் விதம் உனக்குப் பிடிக்கும், குறுக்கே பேச முடியாமல் இருந்தாலும்.

கடலோரத்தில் ஒரு நாடு. அங்கே ஒருவகை மரத்தின் பட்டையில் செய்த புத்தகங்களுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் அவை மூடிக்கொள்ளும். பொய் சொன்னவரே அதைத் திருத்திச் சொல்லும்வரை எந்தக் கையாலும் அவற்றைத் திறக்க முடியாது. ஒரு காலத்தில் வழக்குகளையெல்லாம் திறந்த புத்தகத்தின் முன்னால்தான் விசாரித்தார்கள். பிறகு வந்த அரசர்களுக்கு அது தொந்தரவாக இருந்தது. எரித்தால் ஊர் கேட்கும். ஆகவே எல்லாவற்றையும் உப்புக் கிடங்கில் பூட்டினார்கள். ஈரமும் உப்பும் மெதுவாகத் தின்றுவிடும், யார் மேலும் பழி வராது.

அந்தக் கிடங்குக்குக் காவல், தும்பி என்ற பதினாறு வயதுப் பெண். அவள் வாயைத் திறந்தால் பொய். பயத்தில் பொய், பசியில் பொய், சும்மா இருக்கும்போதும் பொய். அவள் உள்ளே நுழைந்தாலே புத்தகங்கள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். மழைக்காலம் வருகிறது. ஈரத்தில் அழியுமுன் அவள் அவற்றைப் படகில் ஏற்றி, காயலைக் கடந்து கொண்டுபோய்விட வேண்டும். வழியில் காவல் சாவடி உண்டு. படகில் என்ன என்று கேட்பார்கள். பொய் சொன்னால்தான் விடுவார்கள். பொய் சொன்னால் படகில் இருக்கிற அத்தனையும் மூடிக்கொள்ளும்.

அந்த இடத்தில் நம் எல்லைச் சாவடியின் பெயரை நீ பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறாய்: ‘களியக்காவிளை செக்போஸ்ட்’.

குறைகளையும் சொல்கிறேன். நடுவில் ஒரு இளவரசன் வருகிறான். எதற்கு வருகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. மலைப்பகுதிப் பயணம் இழுக்கிறது. பொய் என்றால் என்ன என்பதை அந்த எழுத்தாளர் சரியாக வரையறுக்கவில்லை என்று உன்னோடு சண்டை போட்டேன். தவறாகத் தெரிந்துகொண்டு சொன்னால் அது பொய்யா? பாதி உண்மைக்குப் புத்தகம் என்ன செய்யும்? “பாதி மூடும்,” என்றாய், யோசிக்காமல். கடைசியாக நான் வைத்ததுதான் என் பலமான கேள்வி என்று நினைத்தேன். இந்தக் கதையே முழுக்கக் கட்டுக்கதை, இதை அந்த மாயப் புத்தகத்தின் முன்னால் வாசித்தால் அது மூடிக்கொள்ளாதா?

நீ தலையணையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாய். அதற்குள் மருந்து உன் தலைமுடியை எடுத்துவிட்டிருந்தது. “கத சொல்லப்போறேன்னு சொல்லிட்டு சொல்லுதது பொய் இல்ல மக்கா. உண்மைன்னு சொல்லிட்டு கத உடுதாங்க பாரு, அது தான் பொய்.”

என் கேள்வியை அத்தோடு கீழே வைத்தேன்.

உன்னைப் பார்க்க வருகிறவர்கள் பெருகியபோது அந்த விளையாட்டைத் தொடங்கினாய். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, ‘உப்பறை’யை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கை அட்டைக்கு அடியில் இருக்க, வந்தவர்கள் பேசுவதைக் கேட்பாய்.

“ஒண்ணும் இல்ல மோளே, அடுத்த மாசம் நீ வண்டில ஏறிருவ.”

டப்.

வந்தவர் திடுக்கிடுவார். “என்ன மோளே?”

“ஒண்ணும் இல்ல அக்கா, காத்து.” மறுபடி விரித்து வைப்பாய்.

“மொகம் நல்லா தெளிஞ்சிருக்கு பாத்துக்கோ. போன தடவைக்கி இப்பம் எவ்வளவோ மேல்.”

டப்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் நான் தலையை நிமிர்த்தவே மாட்டேன். நிமிர்த்தினால் உன் கண்ணைப் பார்க்க வேண்டிவரும்.

இதைக் கண்டுபிடித்தது லில்லி அக்கா ஒருத்திதான். ஜங்ஷனில் தையல் கடை வைத்திருக்கிற, மாதர் சங்கத்தில் எல்லாரையும் அதட்டுகிற நம் லில்லி அக்கா. “எடி, நான் பேசும்போ மட்டும் அது எதுக்கு மூடுது?” என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். நீ கதையைச் சொன்னாய். அவள் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அப்பம் கேளு. ஒன்னப் பாக்க சகிக்கல்ல. கோழிக்குஞ்சு மாதிரி இரிக்க. வாசல்ல நின்னு கண்ணத் தொடச்சிட்டு தான் உள்ள வந்தேன். கஞ்சி கொண்டு வந்திருக்கேன், அதுல உப்பு கூடிப்போச்சு.”

புத்தகம் திறந்தே இருந்தது. நீ சிரித்துச் சிரித்து இருமினாய். அன்று அந்தக் கஞ்சியை முழுக்கக் குடித்தாய். உப்பு உண்மையாகவே கூடுதல்தான், நானும் குடித்தேன். அடுத்த வாரத்திலிருந்து மாதர் சங்கம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் அவர்கள் வேறுவிதமாகப் பேசத் தொடங்கினார்கள். மருமகளைப் பற்றி, கடனைப் பற்றி, ஜெபத்தில் மனம் நிற்பதில்லை என்பதைப் பற்றி. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் தங்கள் மனதை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

சிலருக்கு அது பிடிக்கவில்லை. இந்த நேரத்தில் வேதத்தை வாசிக்காமல் மந்திரவாதக் கதை வாசிக்கிறாள் என்று பேசினார்கள். உன்னிடம் நேராகவும் ஒருவர் சொன்னார். வேதம் உன் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. காலையில் வாசித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாய் என்று எனக்குத் தெரியும். அதை நீ அவரிடம் சொல்லவில்லை. “வேதத்துல கழுத பேசினா விசுவாசம், இங்க புக்கு மூடினா மந்திரவாதமா மாமா?” என்று மட்டும் கேட்டாய். விசுவாசி நீ. நான் ஆராதனைக்கு வருவதே உன் பக்கத்தில் உட்காரத்தான். ஆனால் அன்று கோபப்பட்டது நான்தான். நீ கஞ்சி கேட்டாய்.

ஒரு மதியம் யாரும் இல்லை. உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாய்.

“நான் இரிப்பனா மக்கா?”

இத்தனை வருடத்தில் நீ என்னிடம் கேட்டவற்றில் அது ஒன்றுதான் கடினமான கேள்வி.

“இல்லை,” என்றேன். “டாக்டர் சொன்னத நீயும் கேட்டல்லா.”

உன் கை அசையவில்லை. புத்தகம் திறந்திருந்தது. வெளியே யாரோ தேங்காய் வெட்டிப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “கடைசி அத்தியாயத்த வாசி. எனக்கு கண்ணு மங்குது,” என்றாய். வாசித்தேன். தும்பி காவல் சாவடியில் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன், இன்னும் வாசிக்காதவர்கள் இருக்கிறார்கள். முடித்ததும் நீ சொன்னாய், “பாத்தியா, தீந்துட்டு. பாக்கி ஒண்ணும் வைக்கல்ல.”

அதற்குப் பிறகுதான் ஒரு வேலையை என்னிடம் கொடுத்தாய்.

“இது நம்ம சபை லைப்ரரில இரிக்கணும். அங்க உள்ள புக்கெல்லாம் வயசானவங்களுக்கு ஆக்கும். பதினாறு வயசுக்காரிக்கி வல்லதும் உண்டா? அதுங்க வருது, பெஞ்சுல இரிந்து போன்ல நோண்டுது, போவுது.”

“சபையிலயா? மாயப் புத்தகத்தையா?”

“அங்க தான் இதுக்கு வேல கூடுதல்,” என்று கண்ணடித்தாய். பிறகு, “ஃபேன் வேண்டாம். இது போதும். உள்ள ‘நினைவாக’ன்னு எழுதிராத. ‘வாசிச்சிட்டு அடுத்த ஆளுக்குக் குடு’ன்னு எழுது. கீழ எனக்க பேரப் போடு.”

சரி என்றேன். நான் யாருக்கும் எளிதில் வாக்குக் கொடுப்பவள் இல்லை. உனக்குத் தெரியும்.

உன் அடக்கத்தன்று, நோவையெல்லாம் முணுமுணுக்காமல் சிரித்த முகத்தோடு சகித்தவள் நீ என்று பேசினார்கள். நீ திட்டிய வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை மருந்துக் குப்பியைச் சுவரில் எறிந்தாய், அந்தக் கறை இன்னும் அங்கே இருக்கிறது. வலியோடு சண்டை போட்ட ஒருத்தியைப் பொறுமைசாலி ஆக்கிவிட்டார்கள். புத்தகம் என் கைப்பையில் இருந்தது. கையை உள்ளே விட்டு, விரித்து, மூடினேன். யாருக்கும் கேட்கவில்லை. பின்வரிசையில் லில்லி அக்கா மட்டும் என் கைப்பையைப் பார்த்தாள்.

விசிறியைப் பார்த்த ஞாயிறே ஆராதனை முடிந்ததும் நூலகக் குழு கூடுகிறது என்று அறிவித்தார்கள். நான் குழுவில் இல்லை. போனேன். மார்த்தாண்டத்தில் வாங்கிய ‘உப்பறை’யின் புதுப் பிரதி ஒன்று, நீ சொன்ன வரிகளை எழுதி, கையில் இருந்தது.

சபை மண்டபத்தில் ஞானதாஸ் சார் தலைமை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அலமாரிச் சாவி அவர் இடுப்பில்தான். அந்தப் பிரதியை முந்தின வாரம் அவரிடம் பார்க்கக் கொடுத்திருந்தேன், பக்கம் பிரியாமல் திரும்பி வந்தது. இளம் போதகர், குழுவைச் சேர்ந்த இரண்டு மூன்று ஆண்கள், மாதர் சங்கத்தின் சார்பாக லில்லி அக்கா. எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, வகுப்பறை வேறு. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். பிரதியை மேசைமேல் விரித்து அதன்மேல் கை வைத்துக்கொண்டேன்.

“டீச்சர் கேட்டது ஞாயம்,” என்று தொடங்கினார் சார். “அந்தப் பிள்ள நம்ம சபைக்கி ஒரு பெலன் ஆக்கும். அதுல மாற்றம் இல்ல.”

திறந்திருந்தது.

“ஆனா எடம் வேண்டாமா? அலமாரி நெறஞ்சாச்சு.”

அவருக்குப் பின்னாலேயே அந்தக் கண்ணாடி அலமாரி. கீழ்த்தட்டில் கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள், ஒரு பழைய ஒலிபெருக்கிக் குழாய், மடித்த ஜமக்காளம். நான் புத்தகத்தை மூடினேன்.

டப்.

லில்லி அக்கா இருமினாள். நான் மறுபடி விரித்தேன்.

“செரி, எடம் உண்டாக்கலாம். தமிழ் வாசிக்க இப்பம் பிள்ளைய எங்க இரிக்கு டீச்சர்? எல்லாம் மலையாளமும் இங்கிலீஷும்.”

இதில் உண்மை இருந்தது. என் வகுப்பிலேயே பார்க்கிறேன். நீ சொன்னபடி பாதி மூடினேன். லில்லி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“பெறவு, நான் அத முழுக்க வாசிச்சேன். கொள்ளாம், எழுத்து எல்லாம் கொள்ளாம், ஆனா...”

டப்.

“சார்!” லில்லி அக்காவால் அதற்குமேல் முடியவில்லை. “அது மூடிட்டு சார்! நீங்க வாசிக்கல்ல!”

“எது மூடிட்டு?” என்றார் சார்.

அவர் உன்னைப் பார்க்க வந்ததே இல்லை, அதனால் அவருக்குத் தெரியாது. லில்லி அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், கஞ்சி உப்பு உட்பட. போதகர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. உன்னைப் பார்க்க வந்தபோது அவரும் ஒருதரம் மூடல் வாங்கியவர்தானே.

ஞானதாஸ் சார் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“வாசிக்கல்ல,” என்றார். “அட்டையப் பாத்தேன், அவ்வளவு தான். எனக்கு பயம் ஆக்கும் டீச்சர். எனக்க மோளுக்க பிள்ளைய போன்ல என்னத்தயெல்லாமோ பாக்குது, நான் கேட்டா பதில் இல்ல. அதுங்களுக்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியல்ல. இதுல மந்திரம்னு எழுதிருக்கு. நான் இரிக்கது வரைக்கும் இது இந்த அலமாரிக்குள்ள வராது. நீங்க யார்ட்ட வேணும்னாலும் போய் சொல்லலாம்.”

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நான் அதை அசைக்கவில்லை. புத்தகம் விரிந்தபடியே இருந்தது. அந்த அறையில் அன்று யாரும் அதைவிட உண்மையாக எதுவும் பேசவில்லை.

“சந்தோஷம் சார்,” என்றேன், எழுந்தபடி. “நீங்கள் சொன்னது உண்மை. நான் சொல்வதும் உண்மை. பயத்துக்காகப் பூட்டுகிற அலமாரி அவளுக்கும் வேண்டாம். உப்புக் கிடங்கு என்றுதான் அந்தக் கதையில் அதற்குப் பெயர். இது வெளியே இருக்கும். ஊர் முழுக்க இருக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்டால் நானே கொடுப்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

லில்லி அக்கா கையை நீட்டினாள். “இஞ்ச தா டீச்சர். மொதல் ஆளு நான்.” வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து, நீ வண்டியை எடுக்கச் சொல்லும் குரலிலேயே சொன்னாள்: “ணிங் ணிங். வண்டி போட்டு.”

அது இப்போது தையல் கடையில் இருக்கிறது, மெஷினுக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் கிடக்கிற பலகையில். சீருடை தைக்க வருகிற பிள்ளைகள் காத்திருக்கும்போது எடுத்துப் பார்க்கிறார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவள் ஒருத்தி வாசிக்கிறாள். சத்தமாக வாசிக்கும்போது லில்லி அக்கா மெஷினை நிறுத்திவிடுகிறாளாம், அதனால் துணிகள் தாமதம். இன்னொரு பிரதி உன் பூவாறு வண்டியில், உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண்ணிடம் கொடுத்தேன். அவள் வாசிக்கிறவளா என்று கேட்டேன். “இல்ல சேச்சி,” என்றாள். நல்லது, உண்மை சொல்கிறாள் என்று கொடுத்தேன்.

ஞானதாஸ் சார் தினமும் மாலையில் பால் வாங்கப் போகிற வழியில் கடை வாசலில் ஒருதரம் நிற்கிறாராம். “அது இப்பமும் இஞ்ச தான் இரிக்கா?”

“வாசிக்கணுமா சார்?”

“ஏய், வேண்டாம். சும்மா கேட்டேன்.”

லில்லி அக்கா எட்டி அவர் முகத்துக்கு நேரே அதை மூடுவாளாம். அவர் பால் பாத்திரத்தோடு போய்விடுவாராம். அடுத்த நாளும் வந்து நிற்பாராம்.

போன வாரம் நான் பிளவுஸ் வாங்கப் போனபோது ஒரு பெண் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். கண் சிவந்திருந்தது.

“இதுக்க ரெண்டாம் பாகம் உண்டா மாமி?”

“கெடையாது,” என்றாள் லில்லி அக்கா. “ஒத்த புக்கு ஆக்கும்.”

“அய்யோ!” என்று தலையில் கை வைத்தாள் அந்தப் பெண்.

உனக்கு எது நிம்மதியாக இருந்ததோ அது அவளுக்கு ஏமாற்றம். அவளுக்குக் காலம் இருக்கிறது, அதுதான். நான் பிளவுஸை வாங்காமலே வந்துவிட்டேன்.

விசிறியைக் கழற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அது கொஞ்சம் ஆடுகிறது, கரகரவென்று சத்தமும் போடுகிறது, பிரசங்கத்தில் பாதி காதில் விழுவதில்லை. உன் சாயல் இல்லாமல் இல்லை. அதற்கடியிலேயே உட்காருகிறேன். மின்சாரம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன்.

கடிதம் முடிக்கிற இடம் வந்துவிட்டது. முடிக்கும்போது எல்லாரும் எழுதுவதை நானும் எழுதினேன்: ‘நான் நலமாக இருக்கிறேன். நீ இல்லாமல் பழகிக்கொண்டு வருகிறேன்.’

டப்.

காற்று இல்லை. என் இடது கைதான்.

சொன்னவரே திருத்தினால்தான் அது திறக்கும், அதுதானே விதி. சரி மக்கா, திருத்துகிறேன். பழகவில்லை. பழகிக்கொள்ளச் சொல்கிறவர்களிடம் இனிமேலும் பழக மாட்டேன் என்றே சொல்வேன். அந்தப் பெஞ்சில் உன் இடத்தில் என் கைப்பையை வைக்கிறேன், வேறு யாரையும் உட்கார விடுவதில்லை. எனக்கு ஆறுதல் வேண்டாம். நீ வேண்டும். அது நடக்காது என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

இப்போது திறந்திருக்கிறது.